மூழ்கிய பிறகு வரும் பாட்டு

2025 நவம்பர் 1, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காபி போட்டு, மனைவியின் டம்ளரை மூடி வைத்துவிட்டு, ஆறு இருபதுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வண்டியை எடுத்தேன். பாலத்தின் மேல் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து ஆற்றைப் பார்த்தேன். கரையோர நாணல் பாதி முங்கியிருந்தது. ஆறு ஐம்பதுக்குத் தில்லை நகரில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபைத் திறந்தேன். ஃபிரிட்ஜின் வெப்பம் நான்கு டிகிரி. குறித்துக்கொண்டேன். மெஷினை ஓடவிட்டு, அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரியை முதலில் வைத்துச் சரிபார்த்தேன். வேலை முடிந்ததும் மெஷின் மூன்று முறை ஒலிக்கும், மூன்றும் ஒரே சுரம். அந்த மூன்று ஒலிகளுக்காகவே எட்டு ஆண்டுகளாக, அது முடியப்போகும் நேரம் பார்த்து, நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். அன்றும் போனேன்.

பத்து நாற்பதுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கறுப்புக் கல். அதில் ஒரு பெண்ணின் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் வெட்டியிருந்தன. அதற்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம். படத்தோடு இரண்டு வரி எண்கள்:

41 41 38 36 34 36 38 00
33 31 29 29 29 31 26 00

அனுப்பியவர் அந்தப் பெண்ணின் மகள். செய்தி இது: "அங்கிள், கல்லுல கீழ வெட்டுறதுக்கு இந்த நம்பர்ஸ். நாளைக்கு கல்லறைத் திருநாள். சாயங்காலம் ஃபாதர் மந்திரிக்க வர்றதுக்குள்ள கல்லை நட்டுடணும். அப்போ எல்லாத்தையும் சரிபார்த்தது நீங்கதான்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஒரு தடவை பாத்து ஓகே சொல்லிட்டீங்கன்னா கல் வெட்டுறவர்கிட்ட குடுத்துடுவேன்."

ஒரு தடவை பார்த்தேன். பதினாறு எண்களில் பதின்மூன்று அவருடைய அம்மா எழுதியவை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் இடங்களில் இருந்த மூன்றும் நான் போட்டவை. இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அன்று மாலை வரை நினைத்திருந்தேன்.

ஓகே சொல்லவில்லை. "சாயங்காலம் நேர்ல வர்றேன்மா. அதுக்குள்ள குடுத்துடாதீங்க" என்று எழுதினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், இப்போது நான் வேலை செய்யும் லேபிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் இரண்டு அறைகளில் நாங்கள் டிவி கேம் செய்துகொண்டிருந்தோம். கீழே இருபது டைப்ரைட்டர்கள் அடிக்கும். மேலே ஐந்து பேர். வெளிநாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்த ஓனர், நிரல் எழுதுபவர் ஒருவர், படம் வரைபவர் ஒருவர், பாட்டுக்கு, கல்லில் பெயர் வெட்டியிருந்த அந்தப் பெண், சரிபார்க்க நான். டிவியில் செருகி இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுகிற கேம் பெட்டி அப்போது எல்லா வீட்டிலும் வந்துகொண்டிருந்தது. அதில் போடும் கேசட்டுக்குள் இருக்கும் விளையாட்டு எல்லாமே எங்கிருந்தோ வந்தவை. 'திருச்சியிலேயே ஏன் செய்யக் கூடாது' என்பது ஓனரின் கேள்வி. மூன்றரை ஆண்டுகளில் நான்கு விளையாட்டுகள் செய்தோம். ஒன்றும் பெரிதாக விற்கவில்லை.

மூன்றாவது விளையாட்டுதான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வெள்ளம் போகும் ஆற்றில் ஒருவன் பரிசல் ஓட்டி அக்கரைக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டும். மரக்கட்டை மோதினால் பரிசல் கவிழும், அவன் மூழ்குவான், திரை முழுக்கக் கறுநீலமாகும். பிறகு 'மறுபடி ஆடுகிறாயா' என்ற கேள்வி வரும். பொத்தானை அமுக்கும்வரை அங்கே ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டைத்தான் அவர் செய்தார்.

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிப்பார். காலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் போகும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை இன்ஸ்பெக்டர் என்றார்.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, எல்லாரும் நகத்தைக் காட்டுங்கப்பா" என்பார், நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால்.

கேம் பெட்டியின் சிப்பால் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளைத்தான் எழுப்ப முடியும். இரண்டு கூர்மையானவை, நாதஸ்வரத்தைத் தகர டப்பாவுக்குள் வைத்து ஊதினாற்போல. மூன்றாவது மழுங்கலானது, அடிக்குரல். நான்காவது வெறும் இரைச்சல், அதையே மழையாகவும் தாளமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்கனில் பத்து விரலுக்கும் வேலை இருந்த ஒருவருக்கு இது கையைக் கட்டிப்போட்டதுபோல. ஆனால் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "நாலே பேர்தான் பாடகர் குழுவுல. அதுல ஒருத்தருக்குத் தொண்டை கட்டியிருக்கு. அவ்வளவுதானே" என்று சொல்லிக்கொண்டு கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளை எடுப்பார்.

பாட்டு முழுக்க எண்களாகத்தான் எழுதப்படும். ஒரு குரலுக்கு ஒரு வரிசை, ஒரு கட்டத்துக்கு ஒரு சுரம், கால் வினாடி. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண். ஒலி நிற்க வேண்டுமானால் 00. தாளில் அவர் எழுதுவார், நான் அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் அடிப்பேன், அடித்ததைத் தாளோடு இரண்டு முறை ஒப்பிடுவேன், கீழே பென்சிலால் 'சரி' என்று எழுதித் தேதி போடுவேன். என் 'சரி' இல்லாமல் எதுவும் சிப்பில் ஏறாது. ஓனர் வைத்த விதி அது. இருபத்திரண்டு வயதில் அந்த விதி எனக்குத் தலைகொள்ளாத பெருமை.

மூன்றாவது விளையாட்டைச் சிப்பில் ஏற்ற வெளியூருக்கு அனுப்பும் நாளில் அவர் வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் அதிகமாகி ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கடைசிப் பாட்டின் தாளைப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். மாலை ஐந்து மணி பஸ்ஸுக்குப் பார்சல் போக வேண்டும். நான் இரண்டு மணிக்குத் தாளைக் கையில் எடுத்தேன்.

முதல் குரலின் இரண்டாம் வரியில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன.

00 இல்லை. எதுவுமே இல்லை. மற்ற இடங்களில் நிற்க வேண்டியபோதெல்லாம் அழகாக 00 போட்டிருந்தார். அதனால் இது மௌனம் அல்ல, மறதி என்று முடிவுகட்டினேன். தம்பிக்கு உடம்பு சரியில்லாத பதற்றத்தில் விட்டிருக்கிறார். அவர் வீட்டில் போன் கிடையாது. பொன்மலைக்கு ஒருவரை அனுப்பிக் கேட்டு வர நேரம் இருந்தது, இரண்டு மணி நேரம் தாராளம். அனுப்பவில்லை. எனக்கே தெரியும் என்று நினைத்தேன். முன்னால் 33, 31 என்று இறங்குகிறது, பின்னால் 31 வருகிறது. நடுவில் 29 போட்டால் ஒழுங்காக இறங்கி ஒழுங்காக ஏறும். மூன்று கட்டத்திலும் பென்சிலால் 29 எழுதினேன், கம்ப்யூட்டரில் அடித்தேன், இரண்டு முறை ஒப்பிட்டேன். கீழே 'சரி' போட்டேன்.

காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இன்றைக்கும் அப்படித்தான். லேபில் நோயாளி வயதை எழுதாமல் விட்டுவிட்டால் அந்தப் படிவத்தை நான் கீழே வைப்பதில்லை.

மூன்று வாரம் கழித்துக் கேசட் வந்தது. ஐந்து பேரும் டிவி முன்னால் நின்றோம். ஓனர்தான் ஆடினார், வேண்டுமென்றே கட்டையில் மோதிக் கவிழ்ந்தார். திரை கறுநீலமானது. பாட்டு தொடங்கியது. அவர் ஜன்னலோரம் நின்று, இடது கையால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலைக் கேட்கக் கேட்க அசைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரி. 33. 31. விரல் மேலே போய் அப்படியே காற்றில் நின்றது. அங்கே அவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் டிவியிலிருந்து ஒரு குரல் வந்தது, முக்கால் வினாடி. நாற்பதடி ஆழத்திலிருந்து யாரோ வாயைத் திறந்ததுபோல.

"பிரமாதம்ங்க!" என்று ஓனர் திரும்பினார். "அந்த இடம் இருக்கே. ஆள் முங்குனதுக்கப்புறம் தண்ணிக்குள்ளேர்ந்து கூப்பிடுற மாதிரி. எப்படிங்க தோணுச்சு?"

அவர் விரலை மடக்கிக்கொண்டார். மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் என் மேஜைக்கு வந்தார்.

"அந்த மூணு கட்டம் காலியா விட்டிருந்தேனே. 00 போட்டா டக்குனு அறுந்துடும். அது தானா தேய்ஞ்சு போகணும், அதை எப்படிச் செய்யறதுன்னு உங்ககிட்ட நேர்ல கேக்கலாம்னு வெச்சிருந்தேன். தண்ணி மூடுற நேரம் அது. அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "மெஷின் அதுவா ஏதாவது போட்டுக்கிச்சா?" என்றார்.

"இருக்கலாம்க்கா" என்றேன்.

பிழை நோட்டில் அன்றைக்கு நான் எழுதியதை இங்கே மாற்றாமல் தருகிறேன்: 'பிழை எண் 41. மூழ்கும் பாட்டு, முதல் குரல், 11 முதல் 13 வரை. தேவையற்ற ஒலி. காரணம் தெரியவில்லை.' என் வாழ்நாளில் எத்தனையோ நோட்டுகள் எழுதியிருக்கிறேன். தெரிந்தே பொய் எழுதியது அந்த ஒரு வரியில்தான். சிப்பில் ஏற்றியாகிவிட்டதால் இனி மாற்ற முடியாது என்று ஓனர் சொன்னார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஆண்டே கடை மூடியது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் சிடியும் வந்துவிட்டன. ஓனர் வெளிநாடு போனார், நான் லேப் டெக்னீஷியன் படித்தேன், அவர் கல்யாணமாகிப் பொன்மலையிலேயே ஒரு கான்வென்ட்டில் பாட்டு டீச்சரானார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் விளையாட்டை யாரோ திருடி, நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் அடங்கிய கேசட்டுகளில் சேர்த்துவிட்டார்கள். பெயரில்லாமல், ஊரில்லாமல், அது எங்கெங்கோ போனது. நாங்கள் விற்று ஒரு தாலுகாவைத் தாண்டாத கேசட், திருட்டில் கண்டம் தாண்டியது.

பாட்டு அதையும் தாண்டிப் போனது. முதலில் பொம்மைகளுக்குள் புகுந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் அவரைப் பார்த்தேன். 2009 ஜூன் 16, மாலை ஐந்தேகால். கையில் பள்ளிக்கூடக் கோப்புகளோடு நின்றிருந்தார். எதிரே தரையில் துணி விரித்து ஒருவர் பேட்டரி பொம்மைகள் விற்றுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் போன் ஒன்றை அமுக்கிக் காட்டினார். அதிலிருந்து மூழ்கும் பாட்டு கிளம்பியது. கீச்சுக் குரலில், இரண்டு மடங்கு வேகத்தில். பேசிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். இரண்டாம் வரி வந்தது. அந்த மூன்று கட்டமும் வந்தன.

"பாருங்க, இன்னும் உள்ளேயே இருக்காங்க" என்றார் அவர், சிரித்துக்கொண்டு. பொம்மையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

சொல்லியிருக்கலாம். பொன்மலை பஸ் வந்துவிட்டது. 'ஏறுங்கக்கா, இடம் போயிடும்' என்று நானே அவசரப்படுத்தினேன்.

பிறகு இணையம் வந்தது. யாரோ அந்தப் பாட்டை எடுத்துப் போட்டார்கள். வேறு யாரோ அதை மெதுவாக்கி ஒரு மணி நேரத்துக்கு நீட்டினார்கள். யார் செய்தது, எந்த ஊர், தெரியாது என்று எல்லா மொழியிலும் எழுதினார்கள். கீழே வரும் கருத்துகளில் நூற்றுக்கணக்கானவர்கள் அந்த முக்கால் வினாடியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவர், சின்ன வயதில் பொத்தானை அமுக்காமல் அதற்காகவே இருட்டில் உட்கார்ந்திருப்பேன் என்றார். இன்னொருவர், காலியான அறைக்குள் யாரோ வருவதுபோல இருக்கிறது, யார் என்று பார்ப்பதற்குள் போய்விடுகிறது என்றார். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும் அந்தச் சுரம்தான். திருவானைக்காவலில் லாரி ரிவர்ஸில் வரும்போது. பக்கத்து ஃபிளாட்டில் வாஷிங் மெஷின் நிற்கும்போது. என் லேபில், மெஷின் ரத்தம் பார்த்து முடிக்கும்போது.

போன டிசம்பரில் அவர் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கேதான் மகளை முதன்முதலில் பார்த்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை செய்கிறவர். அப்பாவும் முன்பே போய்விட்டார். நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அந்த ஒரு மணி நேரப் பாட்டின் லிங்க்கை அனுப்பினார். கூடவே ஒரு வரி: "தினமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி கேக்குறேன் அங்கிள். அந்த ஒரு இடத்துல அம்மா ரூமுக்குள்ள வந்துட்டுப் போறாங்க."

பத்து மாதமாக அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பீரோவின் மேல்தட்டிலிருந்து பழைய கோப்பை இறக்கினேன். கட்டம் போட்ட தாள் இருந்தது. மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன், முழுவதும், முதல்முறையாக.

மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "இருபத்தெட்டு வருஷம் சொல்லாததை இப்ப போய்ச் சொல்லி அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப்போகுது? அம்மா வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. நெனச்சுக்கட்டுமே."

"கல்லுல வெட்டப்போறாங்க."

"வெட்டினா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் ஓகே சொல்லணும்ங்கறாங்க."

அவள் மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அதானே பாத்தேன். கையெழுத்து போடணும்னாதான் உங்களுக்கு மனசாட்சி எட்டிப் பார்க்கும்" என்றாள். பிறகு தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேடிக் கொடுத்தாள்.

ஐந்தேகாலுக்குப் பொன்மலையில் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் வாளி, துடைப்பம், சுண்ணாம்பு பிரஷ். கூடத்தில் செய்தித்தாள் மேல் செவ்வந்திப் பூ ஈரத்தோடு பரப்பியிருந்தது, பக்கத்தில் மெழுகுவர்த்திக் கட்டுகள். மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக. சுவரோரம் கீபோர்ட், மேலே பூப்போட்ட துணி.

"வாங்க அங்கிள். ஒரு ஓகே போட்டிருந்தா போதும், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றார் மகள். "தப்பு இருக்கா? கேமோட ஃபைலைத் திறந்து ரெண்டு தடவை பாத்துத்தான் எடுத்தேன். நீங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பீங்கன்னு அம்மா சொல்வாங்க. உங்க பேரே சொன்னதில்லை. இன்ஸ்பெக்டர்தான்."

தாளைக் கொடுத்தேன். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் உறையின் மேலேயே விரலால் தடவினார். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு போனார். இரண்டாம் வரியில் விரல் நின்றது.

"இது பென்சில்."

"ஆமாம்மா."

"அம்மா இங்க எழுதவே இல்லையே. இந்த இருபத்தொன்பது அம்மா எழுத்து இல்லை."

"என்னோடது" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு மணிக்குத் தாள் வந்தது, ஆள் அனுப்பாதது, கேசட் வந்த நாள், அவர் கேட்டது, நான் சொன்னது, பிழை எண் 41, பஸ் நிலையம். சொல்லும்போது எந்த இடத்திலும் குரல் தடுமாறவில்லை. அதற்காக எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் குக்கர் இரண்டு முறை கூவியது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"அப்போ பத்து மாசமா அம்மான்னு நெனச்சு நான் கேட்டுக்கிட்டிருந்தது உங்களையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்க அங்கிள். லிங்க் அனுப்பினேனே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? அம்மா வர்றாங்கன்னு எழுதினேன். படிச்சிட்டு சும்மா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எப்படி முடிஞ்சுது?"

அவர் கீபோர்டின் மேலிருந்த துணியை எடுத்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாததுபோல மறுபடி போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"வீட்டுல அம்மா இதை வாசிக்கும்போது அந்த இடத்துல நிறுத்திடுவாங்க. எனக்கு அப்போ எட்டு வயசு இருக்கும். மறந்துட்டாங்கன்னு நெனச்சு நான் ஓடிப்போய் அந்தக் கட்டையை அமுக்குவேன். 'கேம்ல வர்ற மாதிரி வாசிங்கம்மா'ன்னு சண்டை போடுவேன். அம்மா என் கையைப் பிடிச்சுக்குவாங்க. 'அது என்னோடது இல்ல கண்ணு, வேற ஒருத்தரோடது'ம்பாங்க. யாரோடதுன்னு கேட்டா, 'இன்ஸ்பெக்டரைப் போய்க் கேளு'ன்னு சிரிப்பாங்க." திரும்பினார். "எனக்குப் போலீஸ்தான் ஞாபகம் வரும். ஜோக்குன்னு விட்டுட்டேன்."

மெஷின் என்று நான் சொன்னதை அக்கா நம்பவில்லை. எப்போதுமே நம்பவில்லை. பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது, நானே சொல்ல அவர் எனக்குக் கொடுத்த நேரம். நான் பஸ்ஸைக் காட்டினேன். இத்தனை ஆண்டுகளாக நான் ஒளித்துவைத்திருந்ததாக நினைத்தது அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லப்படாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

வெளியே ஸ்கூட்டர்கள் போயின. மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். போனை எடுத்து எண்களை மறுபடி அடித்தார், இந்த முறை இரண்டாம் வரியின் நடுவில் மூன்று எண் அகலத்துக்கு இடம் விட்டு. எனக்குக் காட்டினார்.

"கல்லுல அம்மா எழுதினது மட்டும் இருக்கட்டும். சரியா?"

"சரிம்மா."

"அந்தப் பாட்டை இனிமே நான் கேப்பனா மாட்டேனான்னு தெரியாது. அதை நீங்க கேக்காதீங்க." போனைக் கீழே வைத்துவிட்டு, "கல் வெட்டுறவர் இந்த எடத்தைச் சும்மா விடமாட்டார். எதையாவது வெச்சு ரொப்பிடுவார். காலைல பூசைக்கு நான் கோயிலுக்குப் போகணும். நீங்க போய் நில்லுங்க. வெட்டி முடிக்கிறவரைக்கும்."

"நிக்கிறேன்."

சாயங்காலம் மந்திரிக்கும்போது வருவேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. தாளைத் திருப்பித் தர வந்தார். உங்களோடதும்மா என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு படி இறங்கினேன். பாலத்தின் மேல் வந்தபோது ஏழு பத்து. ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது.

மறுநாள், நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. பால் வாங்கவில்லை, காபி போடவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கல்லறைத் தோட்டத்தின் பின்புறச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றேன். கல் வெட்டுபவர் அறுபது வயதுக்காரர், காதில் பென்சில். கல்லைச் சாய்த்து வைத்துப் போனைப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.

"சார், நடுவுல எடம் விட்டிருக்கே. பாப்பா நம்பர் போட மறந்துடுச்சா?"

"இல்லைங்க. அப்படித்தான்."

"மொட்டையா இருக்குமே. ஒரு சின்னப் பூ போட்டுடவா?"

"வேண்டாம்ங்க."

"சிலுவை? எல்லாரும் போடுறதுதான்."

"எதுவும் வேண்டாம்."

"பாக்கறவங்க நான்தான் விட்டுட்டேன்னு சொல்லுவாங்க சார். முப்பது வருஷமா இதே வேலை, ஒரு எழுத்து விட்டதில்ல."

"அதுக்குத்தாங்க நான் நிக்கிறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உளியை எடுத்தார். 33 வெட்டினார். 31 வெட்டினார். தூளை ஊதிவிட்டு, பழக்கத்தில் உளியை அடுத்திருந்த வெற்றிடத்திலேயே வைத்தார். நான் குனிந்து அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். கல் சில்லென்றிருந்தது. அவர் என் கையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அடுத்த எண்ணைத் தொடங்கினார்.